பெயர் ஒன்று, பெட்டி வேறு: கணினி வாங்கும்போது எதை நம்புவது?

பெங்களூருவில் கல்லூரிச் சேர்க்கை முடியும் மாதங்களில் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கும். அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும் கே.ஆர். புரமானாலும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வேண்டும், எந்தக் கம்பெனி நல்லது?" கேட்கப்படுபவர் பெரும்பாலும் ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை பார்க்கும் சித்தப்பா. அவர் தன் அலுவலகம் கொடுத்த லேப்டாப்பை நினைத்துப் பார்க்கிறார். வாங்கிய நாளிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. "இந்தக் கம்பெனியையே வாங்குங்கள் அண்ணி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி அண்ணி கடையிலிருந்து வாங்கி வரும் கணினி, அவர் மேசையில் இருக்கும் கணினியின் தம்பிகூட இல்லை. மூடியில் பொறித்த பெயர் மட்டுமே இரண்டுக்கும் பொது.

ஒரு நிறுவனத்தின் மேல் பற்று வைப்பதில் தவறில்லை. மிக்ஸியிலும் ஸ்கூட்டரிலும் அந்தப் பற்று பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. கணினியில்தான் அது போய் ஒட்டிக்கொள்ளும் இடம் தவறிவிடுகிறது. கணினியின் தரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அது எந்த வரிசையைச் சேர்ந்த மாடல், கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், நம் வேலைக்கு அது பொருந்துகிறதா. நிறுவனத்தின் பெயர் இவற்றுக்கு அப்புறம்தான் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரிசையிலிருந்து தொடங்குவோம், குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. லெனோவோ நிறுவனம் திங்க்பேட் என்றொரு வரிசையும் ஐடியாபேட் என்றொரு வரிசையும் விற்கிறது. டெல் பல ஆண்டுகள் லாட்டிட்யூட், இன்ஸ்பிரான் என்று இரண்டாகப் பிரித்து விற்றது. எச்.பி.யில் எலைட்புக், ப்ரோபுக் ஒரு பக்கம். பெவிலியனும் வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட மலிவு மாடல்களும் இன்னொரு பக்கம். ஒவ்வொரு நிறுவனத்திலும் முதலில் சொன்னவை அலுவலகங்களுக்காகச் செய்யப்படுபவை. ஒரே மாடலை ஆயிரக்கணக்கில் வாங்கும் வாடிக்கையாளருக்கு விற்கும்போது தயாரிப்பாளரின் கணக்கே வேறு. மூடியைத் தாங்கும் கீல் பலவீனமாக இருந்தால் ஓர் ஆண்டில் ஆயிரம் கீல்கள் ஆடும். அடுத்த முறை ஒப்பந்தம் போட்டியாளர் கைக்குப் போய்விடும். அதனால் கீலுக்கும் கீபோர்டுக்கும் உள்சட்டத்துக்கும் பணம் செலவழிக்கிறார்கள். உதிரிபாகங்கள் பல ஆண்டுகள் கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும், பேட்டரியை எப்படி எடுக்க வேண்டும் என்று படத்தோடு விளக்கும் பழுதுபார்ப்புக் கையேடுகளை இந்த நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கின்றன.

மற்ற வகை கடை அலமாரிக்காகச் செய்யப்படுவது. அங்கே வாங்குபவர் தனி ஆள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வருபவர். முதலில் விலைச் சீட்டைப் பார்ப்பவர். அவர் கண்ணில் படும் இடத்தில் தயாரிப்பாளர் தாராளமாக இருக்கிறார்: கணினியின் மூளையான பிராசஸரின் பெயர், எத்தனை ஜி.பி. என்ற எண், மெல்லிய தோற்றம். சீட்டில் எழுதப்படாத இடங்களில் மிச்சம் பிடிக்கிறார். திரையின் வெளிச்சம், வெப்பத்தை வெளியேற்றும் விசிறி, பேட்டரியின் கொள்ளளவு, தட்டினால் அமுங்கும் கீபோர்டின் அடித்தளம் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் போய்விடுகின்றன. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். குறைந்த விலைக்கு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை என்பதே என் குறை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அலுவலக லேப்டாப்போடு ஒரு சேவை ஒப்பந்தமும் வருகிறது. பழுதென்று சொன்னால் பெரும்பாலும் அடுத்த வேலைநாளில் பொறியாளர் உதிரிபாகத்தோடு அலுவலகத்துக்கே வந்துவிடுவார். அதற்கு முன்னால் அலுவலகத்தின் சொந்த ஐ.டி. குழு மாற்று லேப்டாப் ஒன்றைக் கையில் கொடுத்துவிடும். சித்தப்பாவின் நிம்மதியில் பாதி இந்த ஏற்பாட்டுக்குச் சேர வேண்டியது. அதே பெயருள்ள மலிவு மாடலை வாங்கிய வீட்டில், சாதாரணமாக ஓர் ஆண்டு வாரண்டி மட்டும் இருக்கும். சிலவற்றுக்கு வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், சிலவற்றை நாமே சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எது என்று பில் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பவர்கள் குறைவு.

இந்தப் பிரிவும் முழுக்கக் கறாரானதல்ல. திங்க்பேட் பெயரிலேயே விலை குறைத்துச் செய்யப்படும் மாடல்கள் உண்டு. கடை அலமாரி வகையிலும் உயர்விலை மாடல்கள் சில அருமையாக இருக்கும். போதாக்குறைக்கு வரிசைகளின் பெயர்களையே நிறுவனங்கள் மாற்றிவிடுகின்றன. எச்.பி. 2024-இல் தன் வீட்டுப் பயன்பாட்டு வரிசைகளை ஆம்னிபுக் என்ற புதுப் பெயருக்குக் கீழே கொண்டுவரத் தொடங்கியது. டெல் 2025 ஜனவரியில் லாட்டிட்யூட், இன்ஸ்பிரான் பெயர்களைக் கைவிட்டு டெல், டெல் ப்ரோ, டெல் ப்ரோ மேக்ஸ் என்ற பிரிவுகளை அறிவித்தது. பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுபவரின் காலடி நிலம் இப்படி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

சரி, இந்த நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பைத் தாங்களே செய்கின்றனவா? உலகில் விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றை குவான்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகட்ரான் போன்ற தைவான் நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்குத் தயாரிக்கின்றன. விஸ்ட்ரான் என்ற பெயர் பெங்களூருக்காரர்களுக்குப் புதிதல்ல. கோலார் அருகே நரசாபுரத்தில் ஐபோன் தயாரித்த அந்த ஆலையைத்தான் 2023-இல் டாடா குழுமம் வாங்கியது. பிராசஸர் பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி.யிடமிருந்து வருகிறது. வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் ரேம் பெரும்பாலும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றில் ஒன்றிடமிருந்து. இயங்குதளம் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டுடையது. போட்டி நிறுவனங்கள் இரண்டின் லேப்டாப்களைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் முக்கியமான சில்லுகள் ஒன்றாகவே இருப்பதில் வியப்பில்லை.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. அன்றைய கணினி உலகில் அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. அவசரமாகச் சந்தைக்கு வரவேண்டியிருந்ததால் வெளியில் கிடைத்த பாகங்களைக் கொண்டே அதைச் செய்தார்கள்: இன்டெலின் 8088 பிராசஸர், மைக்ரோசாஃப்டின் டாஸ் இயங்குதளம். ஐ.பி.எம்.முக்கே உரியது என்று இருந்தது முக்கியமாக, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற சிறு மென்பொருள்தான். காம்பேக் நிறுவனம் அதைச் சட்டத்துக்கு உட்பட்ட வழியில் புதிதாக எழுதி, 1982 நவம்பரில் ஐ.பி.எம். மென்பொருள்களை அப்படியே ஓட்டும் கணினியை அறிவித்தது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படியொரு பயாஸை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம் என்று விற்கத் தொடங்கியது. அதன்பின் உலகெங்கும் தெருவுக்குத் தெரு கணினி செய்ய முடிந்தது. மதிப்பு மூடியில் இருந்த பெயரிலிருந்து நழுவி, உள்ளே இருந்த பிராசஸருக்கும் இயங்குதளத்துக்கும் போனது. 1991-இல் இன்டெல் தன் பெயரை ஒட்டுச்சீட்டாக மற்றவர்களின் கணினிகள் மேல் ஒட்ட வைத்தபோது அந்த மாற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கடைசியில் ஐ.பி.எம். தன் பி.சி. தொழிலையே லெனோவோவுக்கு விற்று 2005-இல் வெளியேறியது.

அப்படிப் போன பெயர்கள் இன்னும் பல. காம்பேக் 2002-இல் எச்.பி.யோடு இணைந்தது. தன் வயோ கணினித் தொழிலை 2014-இல் சோனி விற்றுவிட்டது. தோஷிபாவின் லேப்டாப் தொழில் 2018-இல் ஷார்ப் கைக்குப் போனது. பெங்களூருவிலேயே தலைமையகம் உள்ள விப்ரோ, ஒரு காலத்தில் நம் அலுவலகங்களில் பரவலாகப் பார்த்த கணினிப் பெயர், 2013-இல் தன் பெயரில் பி.சி. தயாரிப்பதை நிறுத்தியது. இந்தப் பெயர்களை விடாப்பிடியாக வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய விசுவாசத்தால் எந்த நிறுவனமும் தங்கிவிடவில்லை.

அப்படியானால் மனிதர்கள் ஏன் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள்? அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒன்றை விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல பொருளும் மோசமான பொருளும் ஒரே விலைக்கு இழுக்கப்பட்டு, நல்ல பொருள் சந்தையைவிட்டே விலகத் தொடங்கும். இதற்குச் சந்தையே கண்டுபிடித்த மருந்துகளாக அவர் சொன்னவற்றில் உத்தரவாதமும் நிறுவனப் பெயரும் இருக்கின்றன. 2001-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாத ஒருவருக்குப் பெயர் என்பது பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி. பிள்ளையின் படிப்புக்காகச் சேர்த்த பணத்தை எடுத்து வைக்கும் தாய் அந்தக் கைப்பிடியைத் தேடுவது இயல்பு. நான் கேட்பதெல்லாம், அந்தக் கைப்பிடி சரியான கதவில் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதுதான்.

வாங்கியபின் நடப்பது வேறு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் காப்பிக் குவளைகளைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று அவர்களிடமும், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று மற்றவர்களிடமும் கேட்டார்கள். குவளை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, மற்றவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கையில் வந்ததுமே பொருளின் மதிப்பு நம் மனத்தில் ஏறிவிடுகிறது. சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொட்டி வாங்கிய கணினியைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆகவே நண்பரின் பரிந்துரையைக் கேட்கும்போது, அவர் இதுவரை வேறெதையாவது பயன்படுத்தியிருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும்.

பெரிய பெயர்களும் தவறியிருக்கின்றன. இன்டெலின் பென்டியம் பிராசஸர் சில வகுத்தல் கணக்குகளுக்குத் தவறான விடை தருவதை 1994-இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். தேவை இருப்பதாகக் காட்டுபவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்று முதலில் சொன்ன இன்டெல், எதிர்ப்பு வலுத்தபின் கேட்ட எல்லோருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டு, அதற்காக 47.5 கோடி டாலரை ஒதுக்கியது. ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த மெல்லிய பட்டர்ஃபிளை கீபோர்டில் சிறு தூசி புகுந்தாலே எழுத்து விழாமலும் இரண்டு முறை விழுந்தும் தொல்லை கொடுத்தது. 2018-இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தார்கள். 2019-இல் அந்த வடிவமைப்பைக் கைவிடத் தொடங்கினார்கள். வழக்கு 2022-இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதுவரை புதுப்புது மாடல்களில் அந்தக் கீபோர்டு தொடர்ந்தது. குறையை வெளியே சொல்லி மல்லுக்கட்டிய வாடிக்கையாளர்கள்தான் இரண்டு இடத்திலும் மற்றவர்களுக்கு நன்மை செய்தவர்கள்.

மூடியின் பெயரைத் தாண்டிவிட்டவர்களும் அடுத்த பெயரில் சிக்கிக்கொள்கிறார்கள். "ஐ7 இருந்தால் போதும்" என்ற பேச்சைக் கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் எந்த நாளும் கேட்கலாம். 2016-இல் வந்த இன்டெலின் ஐ7-7500யூ பிராசஸரில், கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் இரண்டு. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஐ5-8250யூ-வில் நான்கு கோர்கள். பெயரில் சின்னதாக இருப்பது திறனில் பெரியது. இன்னும் முக்கியமானது, விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்கள் என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் அந்த ஐ5 இருக்கிறது. அந்த ஐ7 இல்லை. இரண்டுமே இன்றும் பழைய லேப்டாப் கடைகளில் விற்பனைக்கு இருக்கின்றன; ஐ7 என்ற ஒட்டுச்சீட்டுக்காக அதிக விலை கொடுத்துச் செல்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஏ.எம்.டி.யிலும் இதே கதை: 2022-இல் வெளிவந்த ரைசன் 5 7520யூ பிராசஸரின் எண் அந்த ஆண்டின் புது வரிசையைக் காட்டும், அதன் உள்வடிவமைப்போ 2019-இல் அறிமுகமான ஜென் 2. முழு எண்ணையும் பார்க்காமல் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

சீட்டில் எழுதாதவற்றை எப்படித் தெரிந்துகொள்வது? மாடலின் முழு எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் தளத்தில் தேடினால் விவரத்தாள் கிடைக்கும். அதில் திரையைப் பற்றிய வரியைப் படியுங்கள். 250 நிட்ஸ் வெளிச்சமும் 45 சதவீத என்.டி.எஸ்.சி. வண்ணமும் என்று இருந்தால், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து படிக்கத் திரை மங்கலாக இருக்கும், படங்களின் நிறமும் வெளிறித் தெரியும். ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, பிறகு கூட்ட ஓர் இடம் இருக்கிறதா என்பது அடுத்தது. பற்றவைத்த 8 ஜி.பி.யோடு வாங்கினால் அந்தக் கணினியின் ஆயுள் முழுக்க 8 ஜி.பி.தான். ஆப்பிள்கூட மேக்புக் ஏரின் தொடக்க அளவை 2024 அக்டோபரில்தான் 8-லிருந்து 16 ஜி.பி.யாக உயர்த்தியது. 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெரும் கொள்முதல் அதற்குக் காரணம், "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்ற பழைய ஆலோசனையையும் யோசித்துத்தான் ஏற்க வேண்டும். கோப்புகளை வேகமாகச் சேமித்து எடுக்கும் எஸ்.எஸ்.டி. இல்லாத கணினியை இனி எந்தப் பெயரிலும் வாங்க வேண்டாம்.

இனி வேலை. ஆரம்பித்திருக்க வேண்டிய இடமே இதுதான் என்றுகூடத் தோன்றுகிறது. பீன்யாவில் சிறு பட்டறை வைத்திருப்பவருக்கு டேலி ஓட வேண்டும். பெங்களூருவிலேயே பிறந்த அந்தக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது. அவருக்கு மேக்புக் வாங்கிக் கொடுத்தால், அது எவ்வளவு நல்ல கருவியானாலும், கணக்குப்பிள்ளையின் கையைக் கட்டியதாக ஆகும். சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்குத் தேவைப்படும் ரெவிட், சாலிட்வொர்க்ஸ் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்களும் விண்டோஸில்தான் ஓடும். திருமண அழைப்பிதழ் அச்சிடும் தமிழ் அச்சகங்களில் பழைய எழுத்துருக்களில் அடித்து, பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் சேமித்த கோப்புகள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அந்தக் கோப்புகள் திறக்கும் கணினிதான் அவர்களுக்கு விலைமதிப்பற்றது.

இதே அளவுகோலால் பார்த்தால் ஆப்பிளுக்கு நியாயமான இடம் உண்டு. ஐபோன் செயலி எழுத எக்ஸ்கோட் என்ற மென்பொருள் வேண்டும். அது மேக்கில் மட்டுமே ஓடும். பெங்களூருவில் அந்த வேலையைத் தேடும் இளைஞருக்கு மேக் வாங்குவது ஆடம்பரம் ஆகாது, தொழில் கருவி. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சில்லு வந்தபின் மேக்புக் ஏர் விசிறியே இல்லாமல், அதிகம் சூடேறாமல், ஒரு வேலைநாள் முழுக்க ஒரே சார்ஜில் ஓடுகிறது. மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் வசதி மட்டுமல்ல. பழையதாக விற்கும்போதும் அதற்கு நல்ல விலை கிடைக்கிறது. இந்தக் காரணங்களைச் சொல்லி வாங்குபவரோடு எனக்குச் சண்டை இல்லை. வீட்டில் உலாவியும் வீடியோ வகுப்பும் மட்டும் பார்ப்பவர், அலுவலகத்தில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக இ.எம்.ஐ. போட்டு வாங்கும்போதுதான் கவலை வருகிறது.

விலையை ஆண்டுக்கணக்கில் பிரித்துப் பார்ப்பது பல வாதங்களை முடித்துவைக்கும். 48,000 ரூபாய் கணினி நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 12,000. 84,000 ரூபாய் கணினி ஏழு ஆண்டு உழைத்தால் அதுவும் ஆண்டுக்கு 12,000. ஆண்டுச் செலவு ஒன்றானால், நல்ல திரையும் கீபோர்டும் கூடுதல் ஆண்டுகள் கையில் இருக்கும் விலை உயர்ந்ததே லாபம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் ஏழு ஆண்டு உழைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 84,000 ரூபாய் இன்றே கொடுக்க வேண்டிய பணம். மேலே காப்பி கொட்டிவிட்டாலோ, நெரிசலான பஸ்ஸில் பை நசுங்கினாலோ போவது மொத்தமும்தான். விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாண்டு மாணவனுக்கு நான் நடுத்தர விலையைத்தான் சொல்வேன்.

எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை இரும்பைவிட மென்பொருள்தான் இப்போது தீர்மானிக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கணினிகள், விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸரும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும் இல்லாததால் ஓரம்கட்டப்பட்டன. மேக் பக்கத்தில், 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவே இன்டெல் சில்லு கொண்ட மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. 2020-இல் பெரும் விலை கொடுத்து இன்டெல் மேக் வாங்கியவர்களுக்கு இது நியாயமாகப்படாது. இரண்டு முகாம்களிலும் விசுவாசிகளுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. இணைய உலாவல், கடிதம், பாடம் போன்ற தேவைகளுக்கு அந்தப் பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பல ஆண்டுகள் ஓட்டலாம். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

அந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, பிராசஸர், ரேம், வாரண்டி என்று தேவைகளைப் பட்டியலிட்டுக் கேட்டது. வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் மாணவர் கைகளுக்கு வந்தன. பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் வாங்குகின்றன. லட்சக்கணக்கில் வாங்குபவர்கள் முதலில் தேவையை எழுதுகிறார்கள், பெயர் கடைசியில் வருகிறது. ஒன்றே ஒன்று வாங்கும் நம் வீடுகளில்தான் வரிசை தலைகீழாக இருக்கிறது.

பெங்களூருத் தமிழர்களுக்கென்று தனியாக ஒரு கேள்வியும் இருக்கிறது: இந்தக் கணினி எந்த ஊரில் வாழப்போகிறது? இங்கே வாங்கப்படும் பல லேப்டாப்கள் விடுமுறையில், அல்லது படிப்பு முடிந்ததும், தருமபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விடுகின்றன. பெங்களூருவில் பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் சர்வீஸ் சென்டர் உண்டு; ஊரில் எதற்கு உண்டு என்பது வேறு கணக்கு. வாங்கும் முன் நிறுவனத்தின் தளத்தில் சொந்த ஊரின் பின்கோடைப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கட்டத்தில் பெயருக்கு உண்மையாகவே மதிப்பு வருகிறது. இரண்டு மாடல்கள் ஏறக்குறைய சமமாக இருந்து, ஒன்றுக்கு மட்டும் பக்கத்து ஊரில் ஆள் இருந்தால், அந்தப் பெயரையே வாங்குங்கள். இது கண்மூடித்தனமான பற்றில் சேராது.

மேசைக் கணினி வேண்டும் என்பவர்களுக்கு எஸ்.பி. ரோடு இன்றும் நல்ல இடம். டவுன் ஹாலுக்குப் பின்னால் அந்த நெருக்கமான தெருவில் பாகங்களைத் தேர்ந்து அங்கேயே பொருத்தி வாங்கலாம். மொத்தக் கணினிக்கு ஒரு பெயர் இருக்காது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி நிறுவனம், தனித்தனி வாரண்டி. பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம், எஸ்.எம்.பி.எஸ். என்று கடையில் சொல்லும் அந்தப் பாகம் மட்டமானதாக இருந்தால் எரியும்போது சில நேரம் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சமாவதுபோலத் தெரியும், வாரண்டி கேட்கும் நாளில் காட்ட ஒன்றும் இருக்காது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரிக்கு, தன் எண்ணைப் போட்டு பில் வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

பெங்களூரு தரும் இன்னொரு வாய்ப்பு, அலுவலகங்கள் கழித்துவிடும் லேப்டாப்கள். ஐ.டி. நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மொத்தமாக மாற்றும்போது, திங்க்பேடுகளும் லாட்டிட்யூடுகளும் எலைட்புக்குகளும் சுத்தம் செய்யப்பட்டுக் கடைகளுக்கு வருகின்றன. சித்தப்பா மெச்சிய அதே வரிசை, புது மலிவு மாடலைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும் இடம் இதுதான். விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். கடையிலேயே பவரை அழுத்தி பயாஸுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனம் வைத்த கடவுச்சொல் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் கணக்கில் நுழையச் சொன்னால், அந்தக் கணினி இன்னும் அவர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவில்லை என்று பொருள். பழைய மேக் என்றால் முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். பேட்டரி அறிக்கையை எடுத்து, வடிவமைத்த கொள்ளளவில் எத்தனை மீதம் இருக்கிறது என்று பார்த்து, பாதிக்கும் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.